சுளகும் தர்ப்பையும்

வணக்கம் ஐயா,

அம்மா தவறி வரும் மாதத்தோடு ஒரு வருடம். அந்தியேட்டியைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செய்தோம். இப்போது ஆட்டைத் திவசத்துக்கு ஆயத்தம், கூடவே வீட்டில் மூன்று வாக்குவாதம். இராவணன் தாய்க்குக் கிரியை செய்யத்தான் கன்னியாவில் ஏழு ஊற்றும் பிறந்தன என்பது கட்டுக்கதை, கதை பொய்யென்றால் கிரியையும் பொய்தானே என்கிறான் தங்கையின் மகன். தர்ப்பை கிருமிநாசினி என்று முன்னோர் வைத்தார்கள், இப்போதுதான் டெற்றோல் இருக்கிறதே என்றும் கேட்கிறான். அந்தியேட்டியன்று தர்ப்பை போதாமல் ஐயர் நாணலைச் சேர்த்துக்கொண்டார். அதனால் கிரியை குறைபட்டது, பரிகாரம் வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதம். அம்மாவுக்குக் கொள்ளி வைத்த தம்பி இப்போது ரொறன்ரோவில். தனக்குப் பதிலாகச் சித்தப்பாவை இருத்தச் சொல்கிறான். இதற்கெல்லாம் மீமாம்சையில் விதி உண்டென்று முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன விதி?

பெயர் வேண்டாம்,
திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு எச்சரிக்கை. மீமாம்சை அலசுவது வேதத்தின் வேள்வி வாக்கியங்களை. உங்கள் வீட்டுக் கிரியை சைவப் பத்ததிப்படி, அதாவது கிரியைக் கைநூல்படி, நடப்பது. சைவ சித்தாந்திக்கு மீமாம்சகர் எதிர்வழக்காடிகள். சிவஞான சித்தியார் பரபக்கத்தில், மீமாம்சையின் இரு பிரிவுத் தலைவர்களான பட்டாசாரியனுக்கும் பிரபாகரனுக்கும் தனித்தனியே மறுப்பு இருக்கிறது. வேதத்தை ஒருவரும் செய்யவில்லை, வேள்விப் பலனைக் கொடுக்க ஈசுவரன் வேண்டியதில்லை என்பவர்களோடு சைவர் எப்படி ஒத்துப்போவார்கள்? ஆனாலும் ஒரு கிரியை வாக்கியத்தை எப்படிப் பிரித்து வாசிப்பது என்பதைத் தரும சாத்திர உரைகாரர்கள் இவர்களிடம்தான் படித்தார்கள். ஆகையால் நான் சொல்வது வாசிக்கும் முறையை. செய்முறையில் ஐயர் கையிலுள்ள பத்ததி சொல்வதே செல்லும்.

உங்கள் மருமகனின் கேள்வி மிகப் பழையது. மீமாம்சையின் மூலநூலான ஜைமினி சூத்திரத்தில் 12 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தின் 2ஆம் பாதம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. வேதம் இருப்பது ஒன்றைச் செய்யச் சொல்வதற்காக, அப்படியென்றால் எதையும் செய்யச் சொல்லாத வாக்கியங்கள் வீண்தானே என்கிறார் பூர்வபட்சி, அதாவது ஆட்சேபம் எழுப்புபவர். அங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று தைத்திரீய சங்கிதையில் வருகிறது. தேவர்கள் தங்கள் செல்வத்தை அக்கினியிடம் ஒப்படைத்துவிட்டுப் போருக்குப் போகிறார்கள். அக்கினிக்கு அதில் ஆசை வந்து எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். தேவர்கள் திரும்பிவந்து பலவந்தமாகப் பிடுங்க, அவன் அழுகிறான். அழுததால் ருத்திரன் என்று பெயர். விழுந்த கண்ணீர் வெள்ளியாயிற்று. ஆகவே வேள்விப் புல்லின்மேல் வெள்ளியைத் தட்சணையாகக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் வருடம் திரும்புமுன் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும்.

கண்ணீர் வெள்ளியாகுமா? சித்தாந்தி, அதாவது இங்கே முடிவைச் சொல்லும் மீமாம்சகர், அந்த விவாதத்துக்கே போகவில்லை. 'வெள்ளி கொடாதே' என்ற விலக்கோடு கதையையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் படி என்கிறார். வெள்ளியில் மனம் கசக்கவைப்பது கதையின் வேலை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பகுதிக்கு அர்த்தவாதம் என்று பெயர். செய்யச் சொன்னதைப் புகழும், விலக்கியதை இகழும். விலக்கு கதையைத் தாங்கி நிற்கவில்லை, ஆகவே கதை நடந்ததா என்று நிரூபிக்கும் பாரம் கிரியை செய்பவர் தலையில் இல்லை. இராவணன் கதையையும் அந்த இடத்தில் வையுங்கள்.

ஆனால் இதே கத்தி உங்கள் பெரியப்பா பக்கமும் வெட்டும். வெறும் கதையிலிருந்து விதி பிறக்காது. கதை இருப்பதால் கன்னியாவில்தான் அந்தியேட்டி செய்தாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால், 'செய்க' என்ற வாக்கியம் எங்கே என்று கேட்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது ஆசாரம், ஊர் வழக்கம். பெரியோர் வழக்கத்துக்கும் மீமாம்சையில் மதிப்புண்டு. நேரடி வேத வாக்கியத்தோடு மோதினால் மட்டும் அது ஒதுங்கவேண்டும். கன்னியாவில் செய்வது எதனோடும் மோதவில்லை. தாராளமாகச் செய்யலாம், செய்யாதவரைக் குறை சொல்லத்தான் முடியாது.

டெற்றோல் விடயத்துக்குச் சுளகு வேண்டும். சாதுர்மாஸ்ய வேள்வியின் இரண்டாம் பருவத்தில் வாற்கோதுமை மாவால் சின்னச் சின்னக் கிண்ணங்கள் பிடிப்பார்கள்: வீட்டில் எத்தனை பேரோ அத்தனை, அதற்குமேல் ஒன்று. அவற்றைச் சுளகிலிட்டு ஓமம் செய்யவேண்டும். வாக்கியம் இப்படி இருக்கிறது: 'சுளகால் ஓமம் செய்கிறான், அதனால்தானே அன்னம் ஆக்கப்படுகிறது.' பூர்வபட்சி உடனே பாய்கிறார். அன்னம் ஆக உதவுவதுதான் காரணமென்றால் அகப்பையும் பானையும் அதற்குத்தானே உதவுகின்றன, அவற்றாலும் ஓமம் செய்யலாமே! சித்தாந்தம் 'முடியாது' என்கிறது. பார்ப்பதற்குக் காரணம்போல இருந்தாலும் அது சுளகுக்குச் சொன்ன புகழ்ச்சி. சுளகு என்று வாக்கியமே பெயர் சொல்லிவிட்டது. காரணத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டு போனால் அந்தச் சொல் வீணாகிவிடும். தர்ப்பை கிருமியைக் கொல்லும் என்பதும் இந்த ரகம், அதுவும் வாக்கியத்தில் இல்லாமல் நாங்கள் பின்னால் ஒட்டவைத்த புகழ்ச்சி. ஆன்மிகச் சொற்பொழிவுகளில் விஞ்ஞான விளக்கம் கொடுப்பவர்கள் கிரியைக்குக் குழிதான் தோண்டுகிறார்கள்: காரணம் அதுவே என்றால் டெற்றோல் வெல்லும், மருமகன் சொல்வது சரியாகிவிடும்.

அவனுக்கும் கொஞ்சம் புள்ளி போடலாம். கண்ணுக்குத் தெரிகிற பயன் இருக்கும் செயலில், பயன் போனால் செயலும் போகும் என்று 10ஆம் அத்தியாயம் சொல்கிறது. நீண்ட ஆயுள் வேண்டுபவர் பிரசாபதிக்கு 100 பொன்மணிகளால் சரு, அதாவது வேள்விச் சோறு, ஆக்கவேண்டும். ஒவ்வொன்றும் குன்றிமணி எடை. மூலவேள்வியில் நெல்லை உரலில் இட்டுக் குற்றச் சொல்லியிருக்கிறது, அதன் பயன் உமி கழல்வது. பொன்னுக்கு ஏது உமி? குற்றுதல் இங்கே விழுந்துவிடும். வேகவைப்பது? பொன் வேகாதுதான். ஆனால் இந்தக் கிரியைக்கென்றே 'நெய்யில் வேகவை' என்று நேராகச் சொல்லியிருப்பதால் வேகவைத்தே ஆகவேண்டும்.

இனி நாணல். இதற்கு 6ஆம் அத்தியாயம், 3ஆம் பாதம். முதல் கேள்வி கிரியை எந்த வகை என்பது. காமியம், அதாவது ஒரு பலனை விரும்பிச் செய்வது, எல்லா அங்கமும் நிறைந்தால்தான் பலிக்கும். விசா கிடைக்க ஓமம் செய்பவர் சாமான் குறைந்தால் அன்று தொடங்காமல் இருப்பது மேல். நித்தியத்துக்கும் (தவறாமல் செய்வது) நைமித்திகத்துக்கும் (ஒரு நிகழ்வை ஒட்டிச் செய்வது) அப்படியல்ல. விடக்கூடாத கடமை என்பதால் இயன்ற அங்கங்களோடு செய்தாலே நிறைவேறும். அந்தியேட்டியும் திவசமும் கடமைப் பக்கம்.

அடுத்தது, எதை மாற்றலாம். தெய்வம், அக்கினி, மந்திரம், செயல் ஆகிய நான்குக்கும் பதில் கிடையாது. திரவியத்துக்கு உண்டு, கிடைத்ததை எடுப்பது என்ற பொருளில் அல்ல. நெல் இல்லாவிட்டால் நீவாரம், காட்டுநெல். நெல்லை விதித்த வாக்கியம் நெல்லின் கூறுகளையும் சேர்த்தே கேட்கிறது. அவை கூடுதலாக இருப்பது நீவாரத்தில். ஒத்திருந்தாலும் தனியே விலக்கப்பட்டதை எடுக்கக்கூடாது: பயறு தீர்ந்தால் உழுந்து கிட்டத்தான் இருக்கிறது, ஆனால் உழுந்து வேள்விக்கு ஆகாது என்று வாக்கியம் உண்டு. பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில். நீவாரமும் தீர்ந்துபோனால் நீவாரத்துக்கு ஒப்பானதைத் தேடக்கூடாது, நெல்லுக்கு ஒப்பானதைத்தான் தேடவேண்டும். பதிலுக்குப் பதில் என்று போய்க்கொண்டிருந்தால் நாலாம் கையில் மூலமே மறைந்துவிடும். இன்னொன்று: நீவாரத்தை வைத்தாலும் மந்திரத்தில் நெல் என்ற சொல் அப்படியே நிற்கும். நாணலைப் பிடித்துக்கொண்டு ஐயர் தர்ப்பை என்றே சொன்னாரென்றால் அது கவனக்குறைவு அல்ல.

உங்கள் விடயத்தில் இவ்வளவு தர்க்கம்கூடத் தேவையில்லை. குசை, அதாவது தர்ப்பை, இல்லாதபோது காசம், அதாவது நாணல், என்று தரும நூல்களே சொல்லியிருக்கின்றன. இருந்த கொஞ்சத் தர்ப்பையைப் பிண்டம் வைக்கும் இடத்துக்கு ஒதுக்கி, மற்றவற்றுக்கு நாணலைக் கொண்டிருந்தால் ஐயர் முறையாகவே செய்திருக்கிறார்: மூலப்பொருள் கொஞ்சமே இருந்தால் அது முதன்மைச் செயலுக்குப் போகவேண்டும். தர்ப்பை கட்டாகக் கிடக்கும்போது நாணலை எடுத்திருந்தால்தான் குறை. பரிகாரத்துக்கு வைத்திருக்கும் காசில் இம்முறை தர்ப்பையை இரண்டு நாள் முந்தியே வாங்கி வைத்துவிடுங்கள்.

தம்பியின் விடயம் சுருக்கமானது. வேள்வியில் வேலையை எத்தனை பேரும் செய்யலாம், கூலிக்கு ஆள் வைத்தும் செய்யலாம். பலனுக்கு உரியவரான எசமானர் இடத்தில் மட்டும் இன்னொருவரை வைக்க முடியாது. சங்கற்பமும் 'இது எனதன்று' என்ற தியாகமும் அவருடையவை. சித்தப்பா இருக்கட்டும், ஆனால் தம்பிக்குப் பதிலாக என்று இருக்கவேண்டாம். செய்ய உரியவர்கள் யார், எந்த வரிசையில் என்பதைத் தரும நூல்கள் தனியே சொல்கின்றன. அந்த வரிசையில் நீங்கள் இருக்கிறீர்கள், நீங்களே உங்கள் பெயரில் செய்யுங்கள். தம்பிக்குத் தானும் செய்யவேண்டுமென்றால் அங்கேயே ஒரு ஐயரைப் பிடித்துச் செய்யட்டும். திதியை மட்டும் அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். திருகோணமலையில் மத்தியானம் பிண்டம் வைக்கும் நேரத்தில் ரொறன்ரோவில் இன்னும் பொழுது விடிந்திருக்காது.