இங்கிலீஷ் பேப்பரில் மார்க் எங்கே போகிறது? கேள்வி பதில்

கேள்வி: பையன் பத்தாம் வகுப்பு. காம்ப்ரிஹென்ஷன் பத்தியை மூன்று தடவை படிக்கிறான். இருந்தும் பத்தியில் உள்ள வரியை அப்படியே விடையாக எழுதி வைக்கிறான், சார்.

பதில்: முதலில் கேள்விகளைப் படிக்கட்டும். ஆள், இடம், காரணம் என எது கேட்கப்படுகிறதோ அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுவிட்டுப் பத்திக்குப் போகட்டும். விடை உள்ள வரியின் ஓரத்தில் கேள்வி எண்ணைப் போடச் சொல்லுங்கள். விடையைக் கேள்வியின் சொற்களாலேயே தொடங்கலாம். 'வொய் டிட் த ஃபார்மர் செல் ஹிஸ் கவ்?' என்றால் 'த ஃபார்மர் சோல்ட் ஹிஸ் கவ் பிகாஸ்...'. டிட் போனால் செல், சோல்ட் ஆகவேண்டும். பாதிப் பேர் இங்கேதான் சறுக்குவார்கள். பத்தியில் விவசாயியே 'ஐ', 'மை' என்று பேசினால் விடையில் அது 'ஹி', 'ஹிஸ்'. மாற்றாமல் விட்டால் வரியைத் தூக்கிப் போட்டது பளிச்சென்று தெரியும்.

கேள்வி: யுனிவர்சிட்டி 'யு'வில்தானே தொடங்குகிறது? 'ஆன்' ஏன் தப்பு?

பதில்: எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் வருவது யகர ஒலி, ஆகவே 'அ யுனிவர்சிட்டி'. 'ஆன் எம்.எல்.ஏ.' சரி, அவரையே மெம்பர் என்றால் 'அ மெம்பர்'. ஓர் ஊர், ஒரு யானை என்கிறோமே, அதே கணக்கு.

கேள்வி: ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் கேள்வி வாக்கியம் வந்தாலே குழம்புகிறேன் அண்ணா.

பதில்: ஹி செட் டு மீ, 'வேர் ஆர் யூ கோயிங்?' இதை எடுத்துக்கொள் தம்பி. 'செட் டு' இங்கே 'ஆஸ்க்ட்'. 'யூ' என்பது நீ, அதனால் 'ஐ'. 'ஆர்' இறந்தகாலமாகி 'வாஸ்'. இதுவரை எல்லாரும் சரியாகப் போட்டுவிட்டு, 'வேர் வாஸ் ஐ கோயிங்' என்று முடித்து மார்க்கை விடுவார்கள். 'ஹி ஆஸ்க்ட் மீ' வாக்கியத்துக்குள் போனபின் அது கேள்வி அல்ல. எழுவாய் முன்னால் வரவேண்டும்: 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.' கேள்விக்குறியும் கிடையாது. எஸ், நோ பதில் வரும் கேள்வி என்றால் 'இஃப்' அல்லது 'வெதர்'. அதற்கு முன்னால் 'தட்' ஒட்டாதே.

கேள்வி: 'தோ' போட்டு 'பட்' போட்டேன், அடித்துவிட்டார்கள்.

பதில்: 'மழை பெய்தாலும் ஆனால் போனான்' என்று தமிழில் சொல்வீர்களா? ஒன்று போதும்.

கேள்வி: மகளின் ப்ராஜெக்டுக்கு எம்.எல்.ஏ. முறையில் மேற்கோள் காட்டச் சொல்கிறார்கள். ஏ.பி.ஏ.வுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: மேலே வந்த சட்டமன்ற எம்.எல்.ஏ. இல்லை இது! இரண்டும் கட்டுரையில் ஆதார நூலைக் குறிப்பிடும் முறைகள்: எம்.எல்.ஏ. என்பது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்தது, ஏ.பி.ஏ. என்பது அமெரிக்கன் சைக்கலாஜிகல் அசோசியேஷன் வகுத்தது. எம்.எல்.ஏ.வில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும்தான். நடுவில் காற்புள்ளி இல்லை: (முருகன் 45). ஏ.பி.ஏ.வில் ஆண்டு சேரும்: (முருகன், 2019). நேர் மேற்கோளாக இருந்தால் காற்புள்ளி, 'பி.', பக்க எண். இரண்டிலும் முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்கு வெளியே. மேற்கோள் நீண்டால் தனிப் பத்தியாக உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் எழுதவேண்டும், ஏ.பி.ஏ.வில் 40 சொல்லிலிருந்து, எம்.எல்.ஏ.வில் உரைநடை நாலு வரியைத் தாண்டினால். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் பெரிய தப்பு. பல தளங்களிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் அப்படித்தான் ஆகும்.

கேள்வி: புத்தக அட்டையில் 'எஸ். முருகன்' என்றிருந்தால் கட்டுரையின் கடைசியில் வரும் நூல் பட்டியலில் எதை முன்னால் போடுவது?

பதில்: 'முருகன், எஸ்.' என்று போட்டு எம் வரிசையில் வையுங்கள். எஸ் அப்பா பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர் அல்ல. புத்தகத்தில் 'முருகன் எஸ்.' என்று அச்சாகியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: மேற்கோள் தயாரிக்கும் செயலிகள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து 'எஸ்., முருகன்' ஆக்கிவிடும். கையால் திருத்துங்கள், கட்டுரைக்குள்ளும் அடைப்புக்குறியில் எஸ் மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள்.