மணி எங்க இருக்கு? – ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

உங்க சைட்ட மூணு வருஷமா படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவ. ஜூன் 11ம் தேதி எங்க தெருவுல ஒருத்தர் வாசல்ல படுத்திருந்த தெருநாய்க்குட்டி மேல கொதிக்கற தண்ணிய ஊத்திட்டார். என் தம்பி மாடிலேர்ந்து வீடியோ எடுத்தான். நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து மருந்து போட்டு இப்ப காயம் ஆறிடுச்சு, முதுகுல முடி மட்டும் முளைக்கல. எனக்குத்தான் ரெண்டு மாசமா தூக்கம் இல்ல. வீடியோவ நாப்பது குரூப்புல போட்டேன். தேடிப் பாத்தா நம்ம சட்டத்துல இதுக்கு அபராதம் அம்பது ரூபாயாம்! இங்கிலாந்துல அஞ்சு வருஷம் ஜெயில். கன்னுக்குட்டிக்காகப் பெத்த மகனையே தேர்க்கால்ல இட்ட மனுநீதிச் சோழன் கதைய சொல்லி வளர்ற ஊர்ல அம்பது ரூபா! பத்து வருஷம் தண்டனை வேணும்னு ஆன்லைன்ல கையெழுத்து வாங்கறாங்க, நானும் போட்டேன். இதனால ஏதாவது நடக்குமா? கறி திங்கறவ இதெல்லாம் பேசக் கூடாதுன்னு எங்க சித்தப்பா வேற கேலி பண்றார். என்ன பதில் சொல்றது?

– ம.

தங்கச்சி,

உங்க லெட்டர் வந்த வாரம்தான் பரண்லேர்ந்து ஒரு பழைய ஃபைல எடுத்துத் தூசி தட்டிட்டிருந்தேன். அதுல என்ன இருந்துச்சுன்னு பின்னால சொல்றேன், அதனாலதான் உங்களுக்குத் தனியா எழுதாம இங்க எழுதறேன்.

அந்தக் குட்டிக்கு மருந்து போட்டுக் காப்பாத்தினீங்களே, வெந்த தோல்ல ஈ மொய்க்காம ஒரு நாய்க்குட்டியப் பாத்துக்கறது எவ்ளோ பெரிய வேலைன்னு செஞ்சவங்களுக்குத்தான் தெரியும். நல்லா இருங்க. சில எடத்துல முடி முளைக்காமலே போயிடலாம், வெயில்ல ரொம்ப நேரம் படுக்க மட்டும் விடாதீங்க, வெறும் தோல் எரியும்.

சித்தப்பாவ விடுங்க. அந்த 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துலயே, 11ம் பிரிவுல, உணவுக்காகக் கொல்றதுக்கு விலக்கு இருக்கு, தேவையில்லாத வலி குடுக்கக் கூடாதுங்கற நிபந்தனையோட. சட்டம் எழுதினவங்களுக்கு அந்தக் கேள்வி அப்பவே தெரியும். அவர் அடுத்த தடவ கேட்டா இதச் சொல்லிட்டு வேலையப் பாருங்க. இங்கிலாந்தும் வேண்டாம், அங்கயும் 2021 வரைக்கும் அதிகபட்சம் ஆறு மாசம்தான், அந்த வருஷம்தான் அஞ்சு வருஷமா ஏத்தினாங்க.

அம்பது ரூபா விஷயம் நீங்க சொன்னது சரி. முதல் தடவைன்னா பத்து ரூபாலேர்ந்து அம்பது ரூபா, மூணு வருஷத்துக்குள்ள மறுபடி செஞ்சா இருபத்தஞ்சுலேர்ந்து நூறு, இல்லன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில். இது வேணும்னே கேவலமா வெச்ச தொகை இல்லம்மா. கலாக்ஷேத்ரா ஆரம்பிச்ச ருக்மிணி தேவி அருண்டேல் 1952ல ராஜ்யசபாவுக்குப் போனதும் தனிநபர் மசோதாவா கொண்டுவந்தாங்க, அரசாங்கமே சட்டம் கொண்டுவரும்னு நேரு சொன்னதால திரும்ப வாங்கினாங்க, 1960ல சட்டம் வந்துச்சு, 1962ல விலங்கு நல வாரியம் வந்து அவங்களே முதல் தலைவர் ஆனாங்க. அன்னைக்கு அம்பது ரூபா ஒரு ஏழைக்கு உறைக்கற காசு. அந்த எண்ண அதுக்கப்புறம் யாரும் தொடலங்கறதுதான் அநியாயம். தண்டனைய ஏத்துங்கன்னு 2014ல சுப்ரீம் கோர்ட், அந்த ஜல்லிக்கட்டுத் தீர்ப்புலயே, பார்லிமெண்ட்டுக்கு எழுதிச்சு. 2022 நவம்பர்ல மத்திய அரசு ஒரு திருத்த வரைவு போட்டு ஜனங்ககிட்ட கருத்து கேட்டுச்சு, கொடூரமா வதைச்சா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அதுல இருந்துச்சு. நானும் எழுதி அனுப்பினேன். வரைவு வரைவாவே கிடக்கு.

அதனால கையெழுத்து போட்டது தப்பில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாப்பது குரூப்புக்கு அனுப்பின வீடியோவ ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினீங்களா? லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், புகார்ங்கற வார்த்தையே இல்ல. ஊத்தினவர் உங்க தெருதான், பேர் தெரியும், வீடு தெரியும், தேதி தெரியும், வீடியோ இருக்கு. இதெல்லாம் வெச்சுகிட்டு ரெண்டு மாசம் அழுதுட்டு இருந்திருக்கீங்க! 2016ல சென்னையில மொட்டமாடிலேர்ந்து நாயத் தூக்கிப் போட்டவங்கள வீடியோ பரவினதாலதானே பிடிச்சாங்கன்னு கேப்பீங்க. வீடியோ பரவுச்சு, சரி, அதுகூடவே யாரோ சிலர் ஸ்டேஷனுக்குப் போய் கைப்பட எழுதிக் குடுத்தாங்க. அந்தப் பேப்பர் இல்லன்னா அந்த வீடியோவும் நம்ம ஃபோன்ல இன்னொரு வீடியோ, அவ்ளோதான்.

மனுநீதிச் சோழன் கதையச் சொல்ற எல்லாரும் தேர்ச்சக்கரத்தப் பத்தியே சொல்றாங்க. நானும் சின்ன வயசுல அந்தச் சக்கரத்த நெனச்சுதான் பயந்திருக்கேன். இப்ப எனக்கு அந்தக் கதையில முக்கியம் மணிதான். வாசல்ல ஒரு மணி தொங்குச்சு, பசு வந்து அடிச்சுது, ராஜா எழுந்து வந்தான். மணி இல்லன்னா பசு கண்ணீர் விட்டுட்டுத் தெருவுலயே நின்னிருக்கும், எவ்ளோ பெரிய தேரா இருந்தாலும் அது கொட்டாயிலயே கிடந்திருக்கும். நீங்க எல்லாரும் தேர இன்னும் பெருசா செய்யுங்கன்னு கையெழுத்து வாங்கறீங்க. மணி எங்க இருக்குன்னு யாருமே கேக்கல.

நான் சொல்ற மணி, 31ம் பிரிவு. இந்தச் சட்டத்துல எந்தெந்தக் குற்றத்துக்கு போலீஸ் தானே வழக்கு போட்டு விசாரிக்கலாம்னு அதுல இருக்கு, அதத்தான் காக்னிசபிள்ங்கறாங்க. ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு: அங்கத்த வெட்டறது, விஷ ஊசி மாதிரி கொடூரமான வழியில கொல்றது, மிருகச் சண்டைக்கு எடம் வெச்சு நடத்தறது, குறி பாத்துச் சுட போட்டி வெக்கறது, பால் கறக்க ஊசி போடற மாதிரி வேலைங்க. மத்ததெல்லாம் அதுல இல்ல. அடிக்கறது இல்ல, உதைக்கறது இல்ல, தாங்காத பாரம் ஏத்தறது இல்ல, பட்டினி போடறது இல்ல, குட்டைச் சங்கிலியில நாள் முழுக்கக் கட்டி வெக்கறது இல்ல, வளத்த நாயத் தெருவுல விட்டுட்டுப் போறது இல்ல. இது எல்லாமே குற்றம்னு 11ம் பிரிவு ஒண்ணொண்ணா சொல்லுது, சங்கிலி நீளம் வரைக்கும் யோசிச்சு எழுதியிருக்காங்க, ஆனா மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம போலீஸ் இத விசாரிக்க முடியாது. கொன்னாலோ ஊனமாக்கினாலோதான் ஐ.பி.சி.க்கு பதிலா வந்த நியாய சன்ஹிதாவோட 325ம் பிரிவு வருது, அஞ்சு வருஷம் வரைக்கும், எஃப்.ஐ.ஆர். உண்டு. அதாவது செத்தா கேஸ், உயிரோட கதறினா மனு. அந்த 325 கூட எங்க இருக்கு தெரியுமா? சொத்துக்கு எதிரான குற்றங்கள்ல, அடுத்தவன் பொருளச் சேதப்படுத்தற வகையில. பழைய ஐ.பி.சி.ல 428, 429ன்னு இருந்தப்ப பத்து ரூபா பெறுமான மிருகம், அம்பது ரூபா பெறுமான மிருகம்னு விலை வேற போட்டிருந்துச்சு, புதுசுல விலைய எடுத்தாங்க, இடத்த மாத்தல. அதே ஐ.பி.சி.யோட 377 போனப்ப மிருகத்து மேல பாலியல் வன்முறை பண்றதுக்குன்னு இருந்த ஒரே பிரிவும் சேர்ந்து போச்சு, அதுக்கு பதிலா எதுவும் எழுதல. இத நெனச்சா எனக்கு வயிறு எரியுது.

36ம் பிரிவு இன்னும் மோசம். குற்றம் நடந்த மூணு மாசத்துக்குள்ள வழக்கு போடணும். அதுக்கு மேல போட முடியாது.

இப்ப அந்த ஃபைல். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால நாங்க வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிர்ல ஒருத்தர் ஒரு நாய மாடிப்படிக்குக் கீழ கட்டி வெச்சிருந்தார். சங்கிலி ரெண்டடி இருக்கும், அது படுத்தா தலைய கீழ வெக்க முடியாது, கழுத்து மேலயே தொங்கும். ராத்திரி அவர் வேலை முடிஞ்சு வந்ததும் ஹோஸ் பைப்பால அடிப்பார், ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அடி விழறதுக்கு முன்னாலயே, அவர் வண்டி தெருமுனை திரும்பற சத்தத்துக்கே அது கத்த ஆரம்பிச்சுடும். அதுக்குப் பேரு மணி.

முதல் மாசம் நான் ஒண்ணும் செய்யல, எங்க ஹவுஸ் ஓனருக்கு அவர் சொந்தம், வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு பயம். என் பொண்ணு அப்ப ரெண்டாங்கிளாஸ், காத ரெண்டு கையாலயும் பொத்திகிட்டு பாத்ரூம்ல போய் உக்காந்துக்கும். அதப் பாத்தப்புறம்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு வயசான ஏட்டு, ரொம்ப மரியாதையாதான் பேசினார், "சார், இது நான்-காக்னிசபிள், நான் எஃப்.ஐ.ஆர். போட்டா என்னைத்தான் கேப்பாங்க, நீங்க மாஜிஸ்ட்ரேட்கிட்ட போங்க"ன்னார். புகார் வாங்கிக்கிட்டோம்னு குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் மூணாவது தடவ போனப்ப கிடைச்சுது. அவர் சொன்னது சட்டப்படி சரி, அவர் மேல கோவப்படக்கூட எனக்கு வழி இல்ல. அப்புறம் வக்கீலத் தேடி, அவர் ரெண்டு வாய்தா தள்ளி, மனு டைப் ஆகி, கையெழுத்துக்குக் கூப்பிட்ட அன்னைக்கு "கடைசியா எப்ப கண்ணால பாத்தீங்க"ன்னு கேட்டார். எண்ணிப் பாத்தோம். தொண்ணூத்தேழு நாள். ஏன்னா நான் ஸ்டேஷனுக்குப் போனது தெரிஞ்ச உடனே எதிர்வீட்டுக்காரர் நாய எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டார், அதுக்கப்புறம் படிக்குக் கீழ சங்கிலிதான் கிடந்துச்சு. எங்க விட்டார்னு கேட்டேன், சொல்லல. நான் நாலு மாசம் பக்கத்துத் தெருவெல்லாம் சுத்திப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன்.

அந்த டைப் பண்ண மனுதான் ஃபைல்ல இருந்துச்சு, கையெழுத்து இல்லாம.

பத்து வருஷம்னு சட்டம் இருந்திருந்தாலும் அன்னைக்கு என் கையில இருந்தது தொண்ணூத்தேழு நாள்தான். அதனாலதான் சொல்றேன், நீங்க கையெழுத்து போட்ட மனுவுல 31ம் 36ம் இருக்கான்னு பாருங்க. அடிக்கறதையும் பட்டினி போடறதையும் போலீஸ் நேரா விசாரிக்கணும், மூணு மாசக் கெடு போகணும், இது ரெண்டும் இல்லாம தொகைய மட்டும் ஏத்தச் சொல்லி யார் வந்தாலும் இதச் சேருங்கன்னு கேளுங்க, சண்ட போட்டாவது கேளுங்க.

அது பின்னால. இப்ப ஃபோன எடுங்க. வீடியோவ ஃபார்வர்டுலேர்ந்து எடுக்காதீங்க, தம்பி ஃபோன்ல இருக்கற ஒரிஜினல அப்படியே வெச்சுக்கச் சொல்லுங்க, தேதி அதுலதான் இருக்கும். எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்களோ அவர்கிட்ட தீக்காயம்னு எழுதி வாங்குங்க, முதுகுல முடி முளைக்காத எடத்தையும் ஃபோட்டோ எடுங்க. மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி.சி.ஏ., அதாவது மிருகவதைத் தடுப்புச் சங்கம், இருக்கணும்னு 2001 விதி சொல்லுது, இருக்கான்னு கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர். வாங்கிட்டு, 325 வருமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க, வராதுன்னா அன்னைக்கே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு மனு ரெடி பண்ணச் சொல்லுங்க, அடுத்த வாரம்னா ஒத்துக்காதீங்க. இன்னைக்கு ஆகஸ்ட் 20. செப்டம்பர் 11க்கு இருபத்திரண்டு நாள் இருக்கு.