கிராகோவில் இரண்டு நாள்

கேள்வி: மகன் போலந்தில் கிராகோவில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது ஊர் சுற்ற இரண்டு நாள் கிடைக்கும். எதை விடக் கூடாது?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வியலிச்கா உப்புச் சுரங்கத்தை மட்டும் விட்டுடாதீங்கம்மா. மாக்னசைட் சுரங்கங்களைப் பார்த்தே வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கே அது பிரமிப்புதான்: சுமார் 100 மீட்டர் ஆழத்தில் சுவர், சிலை, சரவிளக்கு என எல்லாம் உப்பிலேயே செய்த ஒரு தேவாலயம் இருக்கிறது! உள்ளே குளிரும், ஏற்காட்டுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டரே போதும். ஆரம்பத்திலேயே 380 படி இறங்கணும், அதனால் மூட்டு வலி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். மேலே வர லிஃப்ட் உண்டு.

அப்புறம் ஊருக்குள், 1257-ல் திட்டமிட்டு அமைத்த சந்தைச் சதுக்கம். அங்கே மேரி தேவாலயக் கோபுரத்தில் மணிக்கொரு தரம் எக்காளம் ஊதி, பாதியிலேயே சட்டென்று நிறுத்துவார்கள். நின்று கேளுங்கள். வாவெல் கோட்டைக்கு ஒரு காலைப்பொழுது போதும்.