தேடினால் கிடைக்க வேண்டும்: டிஜிட்டல் படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நடுகற்கள், தெருக்கூத்து, எருது விடும் விழா என்று பல வருடங்களாக எடுத்த சுமார் 40,000 படங்கள் பழைய கணினியில், பிக்காசா என்ற படத்தொகுப்பு மென்பொருளில் இருக்கின்றன. ஆல்பங்களாகப் பிரித்திருக்கிறேன், முகங்களுக்குப் பெயரும் கொடுத்திருக்கிறேன். கணினியை மாற்றப்போகிறேன். பணம் கட்டாமல் எந்த மென்பொருளுக்கு மாறலாம்?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: டிஜிகேமுக்கு (digiKam) மாறுங்கள். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஆனால் பழைய கணினியில் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. அதை முடிக்காமல் அந்தக் கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பிக்காசாவை கூகுள் 2016 மார்ச்சில் கைவிட்டது. நீங்கள் சேர்த்த விவரங்கள் அதில் ஒரே இடத்தில் இல்லை. ஜேபெக் படங்களின் தலைப்பும் குறிச்சொல்லும் (டேக்) படக்கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும், அவை பத்திரம். நட்சத்திரக் குறியும், சேமிக்காமல் விட்ட வெட்டல், நிறத் திருத்தங்களும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்து கிடக்கும் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். ஆல்பப் பிரிப்பு பிக்காசாவோடு தங்கிவிடும். படங்களை மட்டும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி எடுத்துப்போனால் பாதி உழைப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே முதலில் எல்லாப் படங்களையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு ஆல்பத்தையும் திறந்து, எல்லாப் படங்களையும் தேர்ந்து, கன்ட்ரோல்-டி (Ctrl+T) அழுத்தி ஆல்பத்தின் பெயரையே குறிச்சொல்லாகக் கொடுங்கள். ஆல்பம் போனாலும் குறிச்சொல் படத்தோடு வரும். நட்சத்திரப் படங்களுக்கும் இப்படியே ஒரு சொல் போடுங்கள். முகப் பெயர்களைக் கோப்புக்குள் எழுத, 3.9 பதிப்பில் டூல்ஸ் மெனுவில் எக்ஸ்பெரிமென்டல் என்ற பகுதியில் வழி உண்டு. கடைசியாக, திருத்திய படங்களை ஃபோல்டர் ஃபோல்டராகச் சேமித்துவிடுங்கள்.

புதிய கணினியில் டிஜிகேமை முதன்முறை திறக்கும்போது, படங்களின் விவரங்களைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளத்தை எங்கே வைப்பது என்று கேட்கும். கணினியின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் வையுங்கள். படங்கள் வெளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கலாம், ஆனால் தரவுத்தளத்தை அங்கே வைத்தால் தேடல் ஊர்ந்துபோகும். நெட்வொர்க் டிஸ்க்கில் வைக்கவே வைக்காதீர்கள், அது பழுதாகும். வெளி டிஸ்க்கைச் சேர்க்கும்போது கழற்றக்கூடிய சாதனம் என்ற பிரிவில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் டிஸ்க் இணைக்காத நாளில் மென்பொருள் குழம்பாது.

அடுத்தது மிக முக்கியம். செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், குறிச்சொல், தலைப்பு, மதிப்பீடு, முகப் பெயர் நான்கையும் படக்கோப்பில் எழுதும்படி டிக் செய்யுங்கள். டிக் செய்யும் முன்பே குறிச்சொல் போட்டிருந்தால் டூல்ஸில் மெயின்டனன்ஸ் திறந்து, தரவுத்தளத்தில் இருப்பதைப் படங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். இப்படி எழுதுவதால் படத்தின் தரம் குறையாது, படப்பகுதியை அது தொடுவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால்தான் கோப்பு கெடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் ஒரே மூச்சில் 40,000 படங்களையும் ஓடவிடாமல் வருடம் வருடமாகச் செய்யுங்கள்.

வேறு எந்த மென்பொருளை யார் சொன்னாலும் இந்தச் சோதனையை வைத்துப் பாருங்கள். 50 படங்களின் நகலுக்கு அதில் தமிழில் குறிச்சொல் போடுங்கள். மென்பொருளை மூடிவிட்டு, ஒரு ஜேபெக் படத்தை வேறு கணினிக்கு எடுத்துப்போய் விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் பார்க்க வேண்டும். டேக்ஸ் என்ற வரியில் உங்கள் சொல் சரியாகத் தெரிந்தால் அந்த மென்பொருளை நம்பலாம். தெரியாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பிக்காசா நின்றதுபோல் அதுவும் ஒருநாள் நிற்கும்.

குறிச்சொல் மரம் அமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடம், மாவட்டம், ஊர் என்று கிளை பிரித்தாலும், பல மென்பொருள்கள் கடைசிச் சொல்லை மட்டும் படிக்கும். ‘பர்கூர்’ என்று மட்டும் வைத்தால் நம் பர்கூரும் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையும் ஒன்றாகிவிடும். ‘பர்கூர் கிருஷ்ணகிரி’ என்றே எழுதுங்கள். மாவட்டத்தைத் தாய்க்கிளையாக வைக்காமல் தனிச்சொல்லாகப் போடுவதே நல்லது. 2004 பிப்ரவரி 9 வரை ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாமே தருமபுரி மாவட்டம். அதற்கு முன் எடுத்த படங்களில் பழைய மாவட்டத்தை எழுதியிருப்பீர்கள். மாவட்டம் மாறலாம், ஊர் மாறாது.

நடுகல் படங்களை இணையத்தில் ஏற்றும்போது, ஏற்றும் நகலிலிருந்து ஜிபிஎஸ் குறிப்பை நீக்கிவிடுங்கள். காவல் இல்லாத கல் அது. மூலப் படத்தில் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறேன். படங்களைத் திருத்தி அடுக்கும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் வேலை. பழைய ஃபோல்டர்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றியதும் எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகிறது. சந்தாவை நிறுத்தினால் கேட்டலாக் என்னாகும்?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: விண்டோஸ் எக்ஸ்புளோரரில் மாற்றியிருப்பீர்கள். லைட்ரூமுக்கு அது தெரியாது. கேள்விக்குறி உள்ள ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர் கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டுங்கள். மேல் ஃபோல்டரைக் காட்டினாலே உள்ளே இருப்பவை சேர்ந்து சரியாகும். புதிதாக இம்போர்ட் மட்டும் செய்யாதீர்கள், செய்த எடிட் எல்லாம் பழைய பதிவோடு நின்றுவிடும். இனி லைட்ரூமுக்குள்ளேயே இழுத்து மாற்றுங்கள்.

சந்தா நின்றாலும், படங்களின் பதிவேடான கேட்டலாக் திறக்கும். பார்க்கலாம், தேடலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். டெவலப் பகுதி பூட்டிவிடும். சந்தா முடியும் முன் படங்கள் அனைத்தையும் தேர்ந்து கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் குறிச்சொற்கள் ஜேபெக்கின் உள்ளேயும், ரா கோப்பாக (கேமராவின் மூலக்கோப்பு) இருந்தால் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பாகவும் எழுதப்படும். கலெக்‌ஷன்களும் வர்ச்சுவல் காப்பிகளும் இதில் வராது. டிஜிகேமில் திறப்பதானால், அதன் சைட்கார் (துணைக்கோப்பு) அமைப்பில் வணிக மென்பொருள்களோடு ஒத்த பெயர் என்ற தெரிவைப் போட வேண்டும். இல்லையேல் அந்த எக்ஸ்எம்பியை அது கண்டுகொள்ளாது. இன்னொன்று: லைட்ரூம் எடுக்கும் பேக்கப்பில் கேட்டலாக் மட்டும்தான் இருக்கிறது, வாடிக்கையாளரின் படங்கள் இல்லை. அவற்றை வேறு டிஸ்க்கில் தனியாக எடுத்து வையுங்கள், ஒன்று ஸ்டுடியோவுக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: ‘தொப்பூர்’ என்று தேடினால் பாதிப் படங்கள்தான் வருகின்றன. மீதிக்கும் அதே சொல்லைத்தான் போட்டேன்.
- வாசகர், நல்லம்பள்ளி

பதில்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘தொ’ எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரியாத மென்பொருள் பாதியை விட்டுவிடும். ‘ஸ்ரீ’க்கும் இதே தொல்லை. பட்டியலில் ‘தொப்பூர்’ இரண்டு முறை தெரிகிறதா பாருங்கள். ஒன்றில் உள்ள படங்களையெல்லாம் தேர்ந்து மற்றதைக் கொடுத்துவிட்டுத் தவறானதை அழியுங்கள். இனித் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்தே எடுங்கள். தருமபுரி, தர்மபுரி, ஒகேனக்கல், ஒகனேக்கல் என்று எழுதும் பழக்கமும் இதனால் தீரும்.

நீளமான குறிச்சொல்லும் வேண்டாம். படத்துக்குள் விவரம் பதியும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு சொல்லுக்கு 64 பைட்தான். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ‘கி’ என்பதே இரண்டு குறி. 21 குறிகளைத் தாண்டினால் சில மென்பொருள்களில் வால் அறுந்துபோகும். ‘தென்பெண்ணை ஆற்றங்கரை நடுகல்’ 77 பைட் வரும். ‘தென்பெண்ணை’, ‘நடுகல்’ என்று இரண்டாகப் போடுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தலைப்புகள் எந்தத் தேடலிலும் சிக்காது, யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் தேதி வரிசையில் கலைந்து கிடக்கின்றன. சரிசெய்ய முடியுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: ஓரளவு முடியும். படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் எடுத்த தேதியை நீக்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் சேர்ந்த படமென்றால் கோப்பின் பெயரில் எட்டு இலக்கத் தேதி இருக்கும். டிஜிகேமின் தேதி திருத்தும் கருவியில் மூலம் கோப்புப் பெயர் என்று தேர்ந்தால் அந்தத் தேதி பதிந்துவிடும். ஆனால் அது வந்து சேர்ந்த நாள். பழைய படத்தை யாராவது நேற்று அனுப்பியிருந்தால் நேற்றைய தேதிதான் வரும், அவற்றைக் கையால் மாற்றுங்கள். நேரத்தை நம்பாதீர்கள், பெயரில் பின்னால் வருவது வரிசை எண். அடுத்த விசேஷத்துக்கு, படங்களை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிவிடுங்கள். தேதியும் தரமும் குறையாமல் வரும்.