விளக்கைத் திறக்கலாமா?

கேள்வி: ஷாங்காயில் வேலை பார்க்கிறேன். அலுவலகத் தோழி ஒருத்திக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எத்தனை தடவை திருத்தினாலும் 'ஓப்பன் தி லைட்' என்றே எழுதுகிறாள். என்ன செய்ய?
- ஒரு வாசகி

பதில்: முதலில் அவளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் லைட்டைப் போடுகிறோம், டீ போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் 'புட் தி ஃபேன்' என்று சொல்லிக் குட்டு வாங்கியவன் நான்.

நமக்குப் 'போடு' மாதிரி சீனர்களுக்குக் 'கை'. ககரத்தில் கொஞ்சம் மூச்சை ஊதினால் நம்ம கையேதான். பொருள், திற. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் எழுதும் பழைய எழுத்தைப் பாருங்கள்: இரட்டைக் கதவு, உள்ளே ஒரு தாழ், அதைத் தூக்கும் இரண்டு கைகள். 1956-ல் தொடங்கிய எழுத்துச் சுருக்கத்தில் கதவைக் கழற்றிவிட்டார்கள். உங்கள் தோழி எழுதுவதில் தாழும் கைகளும்தான் மிச்சம்.

லைட் போட, கார் ஓட்ட, கூட்டம் நடத்த, டாக்டர் மருந்து எழுதித்தர, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வினை. காய்ச்சிய தண்ணீர் 'கை ஷுவெய்'. மனசு திறந்தால் 'கை ஷின்', சந்தோஷம். (இந்த ஒன்றை மட்டும் ஆங்கிலம் கடன் வாங்கியிருக்கலாம்.)

சூஜோவில் நான் மாலை வகுப்பு எடுத்தபோது, நாற்பது வயதுக்காரர் ஒருவர் 'நேற்று காரை ஓப்பன் பண்ணி ஹாங்ஜோ போனேன்' என்று கட்டுரை எழுதினார். 'அப்புறம் மூடினீர்களா?' என்று சிவப்பு மையில் ஓரத்தில் கிறுக்கினேன். மறுநாள் வந்து, "பூட்டிவிட்டேன், லாவ்ஷி" என்றார் பவ்யமாக. லாவ்ஷி என்றால் வாத்தியார். அன்றோடு நக்கலை விட்டேன்.

பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் நிற்காது. ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்துங்கள். கதவை இழுக்கும்போது 'ஓப்பன் தி ஃபிரிட்ஜ்' என்று சொல்லட்டும். பிளக் பக்கத்து ஸ்விட்சைத் தட்டும்போது 'டர்ன் ஆன் தி ஃபிரிட்ஜ்'. ஃபிரிட்ஜ் ஒன்றுதான், வேலை வேறு. மூடியோ கதவோ உறையோ விலகினால் ஓப்பன். மின்சாரமோ தண்ணீரோ வந்தால் டர்ன் ஆன். குழாயைத் திருகிய பழக்கம் ஸ்விட்சுக்கும் ஒட்டிக்கொண்டது என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்வாள். லேப்டாப்பிலும் இதையே செய்யலாம். வங்கிக் கணக்குக்கு மட்டும் கவலை வேண்டாம், அதை இரண்டு மொழியிலும் திறக்கத்தான் செய்கிறார்கள்.

கடை திறந்திருக்கிறது என்பதற்கு 'தி ஷாப் இஸ் ஓப்பன்ட்' என்பாள். அங்கே வால் வேண்டாம், 'ஓப்பன்' போதும்.

அடுத்த வாரம் 'க்ளோஸ் தி லைட்' வரும், தயாராக இருங்கள். அதற்கும் அந்த ஃபிரிட்ஜே போதும்.