இடுப்பு வலியும் எம்.ஆர்.ஐ.யும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிசியோதெரபி இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு மாத இடுப்பு வலியோடு 42 வயதுக்காரர் ஒருவர் வந்தார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்4–எல்5 டிஸ்க் (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுக்கம் என்று இருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கியபோது 60 டிகிரியில் பின்தொடை இழுக்கிறது என்றார். டிஸ்க்தான் காரணம் என்று எழுதிவிட்டேன். சரியா?

நித்யா

அன்புள்ள நித்யா,

இந்த இரண்டை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். பின்தொடை இழுப்பு பெரும்பாலும் அங்குள்ள தசையின் இறுக்கம். 30 முதல் 70 டிகிரிக்குள், அவருடைய வழக்கமான கால்வலி முழங்காலுக்குக் கீழே வரை இறங்கினால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. சந்தேகம் இருந்தால், வலி விடும்வரை காலைச் சற்று இறக்கி, பாதத்தை மேல்நோக்கி மடக்குங்கள். கால்வலி திரும்பினால் நரம்பைச் சந்தேகிக்கலாம். நல்ல காலைத் தூக்கும்போது வலிக்கிற கால் வலித்தால் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்த வாய்ப்பு மிக அதிகம். வலிக்காவிட்டால் டிஸ்க் இல்லை என்று ஆகாது.

இதற்கெல்லாம் முன்பே கேட்டிருக்க வேண்டியவை உண்டு. புற்றுநோய் இருந்ததா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, காய்ச்சல், நெடுநாள் ஸ்டீராய்டு, விழுந்த அடி. சிறுநீர் பற்றி நோயாளி தானாகச் சொல்லமாட்டார், கூச்சம். நேரடியாகவே கேளுங்கள்: சிறுநீர் போவது தெரிகிறதா, அடக்க முடிகிறதா, கழுவும்போது தொடுவது தெரிகிறதா? இந்த மூன்றில் ஒன்று புதிதாக மாறியிருந்தாலும் பிசியோதெரபியை நிறுத்தி, அன்றே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

வலி முதன்முதலில் எந்த வயதில் வந்தது என்பதும் முக்கியம். 45 வயதுக்கு முன் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்து, ஓய்வில் குறையாமல் நடமாடினால் குறைகிற வலி என்றால் வாதநோய் மருத்துவர் பார்க்க வேண்டியது. எந்த அசைவிலும் கூடாமல் குறையாமல் இருக்கிற வலிக்குச் சிறுநீரகம், வயிறு, பெருந்தமனி என்று வெளியே தேடுங்கள். தொடை சேரும் இடுப்பு மூட்டை உள்நோக்கித் திருப்பியும் பார்த்துவிடுங்கள், வலி அங்கிருந்தும் வரலாம். அரை நிமிட வேலை.

நரம்புச் சோதனையில்தான் மாணவர்கள் அவசரப்படுகிறார்கள். எல்5 நரம்புக்கு (கீழ்முதுகின் ஐந்தாம் எலும்புக்குக் கீழே வெளிவருவது) இரண்டு கால் பெருவிரல்களையும் ஒரே நேரத்தில் மேலே தூக்கச் சொல்லி, உங்கள் கட்டைவிரல்களால் கீழே அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தொடர்ச்சியாக வழுக்கி இறங்கினால் உண்மையான பலக்குறைவு. பிடித்து, விட்டு, பிடித்து விழுந்தால் பெரும்பாலும் வலியால் விடுகிறார். அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 நரம்புக்குக் கெண்டைக்காலைக் கையால் தள்ளிப் பார்ப்பது வீண், அது உங்கள் கையைவிட வலுவானது. ஒற்றைக்காலில் நின்று பத்து முறை குதிகாலை உயர்த்தச் சொல்லுங்கள். எல்4 என்றால் முழங்கால் அனிச்சை (தட்டினால் தானாக உதறுவது), எஸ்1 என்றால் குதிகால் அனிச்சை; எல்5-க்கு நம்பத்தக்க அனிச்சை இல்லை. அதனால்தான் பெருவிரல்.

இத்தனையும் சரியாக இருந்தால் 'குறிப்பிட்ட காரணம் காணப்படாத இடுப்பு வலி' என்று எழுதத் தயங்காதீர்கள். முதல்நிலை சிகிச்சைக்கு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்த வகைதான். ஒரே இடத்தில் அழுத்தி, வலிக்கிறது என்றதும் மூட்டின் பெயரைச் சூட்டுவது நம் தொழிலின் கெட்ட பழக்கம்.

ரிப்போர்ட்டை இப்போது பிரியுங்கள். எல்4–எல்5 டிஸ்க் பின்புறப் பக்கவாட்டில் பிதுங்கினால் வழக்கமாக அழுத்துவது எல்5 நரம்பை. உங்கள் சோதனையில் வலது எல்5 பலவீனம் தெரிந்து, படத்திலும் வலப்பக்கமே அழுத்தம் என்றால் இரண்டும் பொருந்துகின்றன. படத்தில் இடப்பக்கம், வலி வலக்காலில் என்றால் அந்தப் பிதுக்கத்தைக் காரணமாக எழுதாதீர்கள்.