பண்டில் முடிவதே இல்லை, மேடம்

வணக்கம் மேடம்.

எனக்கு வயது 39. திண்டுக்கல் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியை. பன்னிரண்டு வருட சர்வீஸ். பகுதி நேரமாக பிஎச்.டி.யும் ஓடுகிறது; நான்காவது வருடம், இன்னும் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்தபாடில்லை.

வகுப்பும் லேபுமாக வாரம் 22 மணி நேரம். அதுபோக இந்த வருடம் 'நாக்' வேலை, அதாவது கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் அமைப்புக்கான வேலை. ஐந்து வருட நிகழ்ச்சிகளின் போட்டோக்களைத் தேடியெடுத்து, ஜியோ டேக் (எடுத்த இடத்தின் குறிப்பு) இருக்கிறதா என்று பார்த்து ஏற்ற வேண்டும். இல்லாததற்கு என்ன செய்வது என்று கேட்டால் துறைத் தலைவர், எங்கள் எச்.ஓ.டி., சிரிக்கிறார். மெண்டர் என்ற முறையில் 25 பிள்ளைகள் என் பொறுப்பு; யார் லீவு போட்டாலும் அவர்கள் வீட்டுக்கு நான்தான் போன் போட வேண்டும். ஏப்ரல், மே வந்தால் ஊர் ஊராகப் போய் பிளஸ் டூ முடித்தவர்களை அட்மிஷனுக்கு அழைக்க வேண்டும். ஆளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் "நாளை காலை 9 மணிக்குள்" என்று ஒரு செய்தி வரும். உடனே ஐந்தாறு பேர் கும்பிடு போடுவார்கள். நானும் போடுவேன்.

நாலாவது படிக்கும் பையனைச் சாயந்திரம் வரை மாமியார் பார்த்துக்கொள்கிறார். கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். நல்லவர்தான். "நான்தான் ஹெல்ப் பண்றேனே" என்பார். காய் நறுக்கித் தருவார்; எந்தக் காய் என்று நான் சொல்ல வேண்டும். எல்லோரும் படுத்த பிறகு விடைத்தாள் பண்டிலோடு உட்காருவேன். இதை முடித்துவிட்டால் ஞாயிறு ஃப்ரீ என்று சொல்லிக்கொள்வேன். அந்த ஞாயிறு வந்ததே இல்லை. இப்போதெல்லாம் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

இரண்டு வாரத்துக்கு முன் செகண்ட் இயர் மாணவி ஒருத்தி, "மேம், கொஞ்சம் பேசணும்" என்று வந்து நின்றாள். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் "வாட்ஸ்அப்ல போடும்மா" என்றேன். அவள் எதுவும் போடவில்லை. அவளுக்கு மெண்டரே நான்தான் என்பது அன்று இரவு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஆனால் அழுகைகூட வரவில்லை, மேடம். அதுதான் பயமாக இருக்கிறது.

டைரி போட்டுப் பார்த்தேன், ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். நேரத்தை எப்படித்தான் சமாளிப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

ஐந்து மணிக்கு எழுந்தவரிடம் நாலரைக்கு எழச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு நேரத்தைக் கையாளத் தெரியாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி நேரம். நீங்கள் எடுப்பது 22. இதைக் காட்டி நாளைக்கே சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. சுயநிதிக் கல்லூரியில் அப்படிப் போனால் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். உங்கள் சோர்வுக்கு உங்கள் திறமைக்குறைவு காரணமல்ல என்பதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

அழுகை வராததைக் கல்நெஞ்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' பற்றிய குறிப்பு இருக்கிறது. அதை நோய் என்று சொல்லாமல், சமாளிக்க முடியாமல் நீண்டுபோகும் வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள். மூன்று அடையாளங்கள்: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. "வாட்ஸ்அப்ல போடும்மா" அந்த இரண்டாவது ரகம். வற்றிய கிணற்றில் வாளியை விட்டால் சத்தம்தான் வரும்.

உங்கள் கணவருக்குக் கணக்கு டேலி ஆனதும் அன்றைய வேலை முடிந்தது. ஆசிரியர் வேலைக்கு அப்படி ஒரு கரை கிடையாது. பாடத்தை இன்னும் நன்றாகத் தயாரிக்கலாம், கட்டுரையை இன்னும் ஒருமுறை திருத்தலாம். அதனால் "முடித்துவிட்டு ஓய்வு" என்று நீங்கள் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு ஒருநாளும் நிறைவேறாது. வேலை முடியும்போது எழாதீர்கள், மணி ஆனதும் எழுந்துவிடுங்கள். பண்டில் இனி வீட்டுக்கு வர வேண்டாம். காலி பீரியடில் பத்துத் தாள் என்றால் பத்தோடு சரி. மதிப்பெண் இரண்டு நாள் தள்ளித்தான் போகும், போகட்டும்.

அந்தக் கும்பிடு பற்றியும் சொல்ல வேண்டும். பத்தரை மணிக்கு நீங்கள் போடும் கும்பிடு, 'நான் விழித்துத்தான் இருக்கிறேன், அடுத்ததையும் அனுப்புங்கள்' என்று போய்ச் சேர்கிறது. ஒன்பது மணிக்குக் குழுவை மியூட்டில் போடுங்கள். நிஜமான அவசரம் என்றால் போன் அடிப்பார்கள். எச்.ஓ.டி.யிடம் புகாராகப் போகாமல், எல்லா வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் மணி நேரத்தோடு ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய், "சார், இதில எது முதல்ல, எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று கேளுங்கள். முடிவெடுக்கும் பாரம் கொஞ்சம் அவர் பக்கமும் போகட்டும்.

வீட்டில் எனக்கு உறுத்துவது 'ஹெல்ப்' என்ற சொல்தான். வேலை உங்களுடையது என்றால்தானே அவர் செய்வது ஹெல்ப்? காய் நறுக்குவது வேண்டாம், இரவுச் சாப்பாட்டை முழுசாக அவரிடம் விடுங்கள்: என்ன செய்வது, என்ன வாங்குவது எல்லாம் சேர்த்து. முதல் வாரம் மூன்று நாள் உப்புமாதான் வரும். மாமியார் ஏதாவது சொல்லுவார். நீங்கள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டமே.

பிஎச்.டி.யைப் பற்றி கைடிடம் மனம்விட்டுப் பேசுங்கள். 'நாக்' குழு வந்து போகும் வரை அதை நினைத்து உங்களையே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள்.

தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பல பெண்களின் 'மனச்சோர்வு'க்குப் பின்னால் ரத்தசோகை இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று மணி விழிப்பு தொடர்ந்தாலோ, எதிலும் பிடிப்பில்லை என்று தோன்றினாலோ மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த மாணவி எந்த வகுப்பு என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படித்த மறுநாளே கூப்பிடுங்கள், கம்ப்யூட்டர் இல்லாத இடத்துக்கு. மன்னிப்பெல்லாம் நீட்டி முழக்க வேண்டாம். "அன்னைக்கு என்னம்மா சொல்ல வந்தே?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.